விவேக் நகரில் ஒரு பூசைச் சீட்டு

ரயில் மாற நாலு மணி நேரம் இருக்கிறது. ஆட்டோ பிடித்து விவேக் நகர் கோவிலுக்கு வருகிறேன். எல்லையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த சேவியர் சாரின் குடும்பம் பூசைக்கு வரும் பங்குக் கோவில் இது. மூன்று வருடத்துக்கு முன், இதே வாரத்தில், ரோந்தில் குண்டு பட்டு இறந்தார். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

அலுவலக ஜன்னலில், பூசையில் யாருக்காக மன்றாட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டு தருகிறார்கள். நன்றி, வேண்டுதல், இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றி என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் குறியிட்டு, அவர் பெயரை எழுதி நீட்டுகிறேன். உள்ளே இருக்கும் அம்மாள் நோட்டைப் புரட்டுகிறார்.

“இந்தப் பேரு காலையிலயே வந்துடுச்சே. வேண்டுதல் கட்டத்துல. பார்டர்ல பத்திரமா இருக்கணும்னு.”

“அவர் இறந்துட்டாரும்மா.”

“தெரியும். அடக்கத்துக்கு நானும் போனேன். அவரு சம்சாரம்தான் வாரா வாரம் எழுதிக் குடுக்குது. ஃபாதரும் அப்படியே படிச்சிடுவாரு. அதோ, மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கு. அது காதுபட ரெண்டையும் எப்படிப் படிக்கிறது? நீங்களே சொல்லுங்க, எதை வைக்கட்டும்?”

சீட்டைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். அந்தப் பெண் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போடுகிறார். எல்லோரையும் போலத்தான் இருக்கிறார். அவருக்குத்தான் புரியவில்லையா, எனக்கா?

“எல்லையில் பணிபுரியும் சேவியரின் பாதுகாப்புக்காக” என்று பூசை நடுவே ஃபாதர் படிக்கிறார்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்கிறது கோவில்.

பெட்டியைத் தூக்கிய நானும் சொல்கிறேன்.