க்ளெமென்ட் ஆர்மராட் தப்பான ஆளைப் பிடித்த திங்கட்கிழமை

எங்கள் ஊர் பெவிலியன் நாடக அரங்கில், மேடையின் இடது ஓரம், திரைக்குச் சற்று உள்ளே ஓர் உயரமான முக்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. என் பெயர் டோரா ஹிண்டில். நடிகர்களை முன்பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் மேல் மதிப்பு வரும். நான் பக்கவாட்டில் இருந்து பார்த்தவள். கோட்டுக்குப் பின்னால் ஊக்கு குத்தியிருப்பதும், காதல் வசனம் பேசும்போதே கடைக்கண்ணால் "அடுத்தது என்ன?" என்று என்னைக் கெஞ்சுவதும் எனக்குப் பழகிப் போன காட்சிகள். அத்தனையும் பார்த்த பிறகும் எனக்கு மதிப்புக் குறையாத ஒரு மனிதர் உண்டென்றால் அவர் க்ளெமென்ட் ஆர்மராட்தான்.

அவர் ஓல்டம் ஊர்க்காரர். அம்மா பஞ்சாலையில் தறி ஓட்டியவள். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. அதனால் ஆலைப் பெண்கள் வாயை அகல அசைத்து, குரலே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வேலை முடிந்து வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. அம்மா தெருவின் அந்தக் கோடியில் நின்று வாயசைத்தே திட்டுவாளாம், இவர் இந்தக் கோடியில் நின்று முகத்தைச் சுளித்தே பதில் சொல்வாராம்.

"நடிப்பு எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாங்க டோரா. எங்கம்மாகிட்ட திட்டு வாங்கித்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் நம்பினேன். அந்த முகம் சும்மா கேட்டுக்கொண்டு நின்றாலே போதும், அரங்கில் பாதிப் பேர் பேசுகிறவரை விட்டுவிட்டு இவரைப் பார்ப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எந்த நாடகத்துக்கு எழுதினாலும் "ஆர்மராட்டின் முகம்" என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போய், லாரி முதுகில் நின்று சிப்பாய்களுக்கு நடித்துக் காட்டினார். போர் முடிந்ததும் ஊர் ஊராகப் போகும் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே உடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேவிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெட்டியும் படுக்கையுமாக ரயில். க்ரூ சந்திப்பில் வண்டி மாறும்போது இங்கிலாந்தில் உள்ள அத்தனை நாடகக் குழுக்களும் அதே நடைமேடையில் நின்று, எந்த ஊரில் எந்த வீட்டுக்காரி காலைச் சாப்பாட்டில் முட்டை வைக்கிறாள், எவள் சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுகிறாள் என்று பேசிக்கொண்டிருக்கும். மேவிஸுக்கு அந்த நடைமேடையே பிடிக்காமல் போனது. மகள் பிறந்து, வாடகை அறை ஒன்றில் மேசை இழுப்பறையில் கம்பளி விரித்துத்தான் தூங்கினாள். வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோது எந்தப் பள்ளியிலும் அவள் பெயர் "புதுப் பொண்ணு"தான்.

அப்படி அலைந்து எங்கள் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பெவிலியனில் நிரந்தரக் குழு. ஊர் மாற வேண்டாம், நாடகம்தான் மாறும். வாரம் ஒரு நாடகம். இன்று மாலை நடிப்பது ஒன்று, காலையில் ஒத்திகை பார்ப்பது அடுத்த வாரத்துடையது, பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது அதற்கும் அடுத்தது. மூன்று நாடகம் ஒரே மண்டைக்குள் குடித்தனம் நடத்தும். மேவிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பின்பக்கம் கொஞ்சம் மண் இருந்தது. திரைச்சீலைகளைத் தானே தைத்து மாட்டினாள், அதுவும் எங்கள் பழைய நாடகத் திரையை வெட்டி. ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பு வெல்வெட். பார்ப்பவர்கள் மந்திரி வீடு என்று நினைத்திருப்பார்கள்.

சில வருடம் நன்றாகப் போனது. அப்புறம் எங்கள் இயக்குநர் ப்ரெஸ்காட், கால் வாதத்தோடு இனி முடியாது என்று தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். புது இயக்குநர் வெளியிலிருந்து வந்தால் தன் நடிகர்களோடுதான் வருவார். அதுதான் வழக்கம். பழைய ஆட்கள் மறுபடி க்ரூ நடைமேடைக்குப் போக வேண்டியதுதான்.

க்ளெமென்ட் தன்னையே இயக்குநராக வைக்கும்படி கேட்டார். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் அரங்கக் கமிட்டித் தலைவர் டக்வொர்த், பிஸ்கட் ஆலைக்காரர், முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"நல்ல நடிகன்தான்யா நீ, இல்லேங்கல. ஆனா நடிகன் கையில அரங்கத்தக் குடுத்தா நல்ல வேஷம் பூரா அவனே போட்டுக்குவான். மத்தவன்லாம் தட்டு தூக்கிட்டு நிக்கணும். பாக்கலாம், திங்கக்கிழமை வர்றேன்."

அந்தத் திங்கட்கிழமை நாடகத்தை ப்ரெஸ்காட் இவரிடமே விட்டிருந்தார். இயக்கமும் இவர், இன்ஸ்பெக்டர் வேடமும் இவர். பணக்கார அக்காளுக்குத் தங்கை ஆலிவ் கோகோவில் விஷம் கலந்து கொடுக்கிறாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். ஆலிவாக நடித்தது க்வெண்டோலின் டைஸ். எப்போதும் அத்தை, சமையல்காரி என்று வந்து போகிறவளுக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே பெரிய பேச்சு, கடைசியில் கொலையை ஒப்புக்கொள்ளும் அந்தப் பேச்சு.

வம்பு எங்கே இருந்தது என்றால், போன வாரமும் கொலை நாடகம்தான். போன வாரமும் இவர்தான் இன்ஸ்பெக்டர், அதே மழைக்கோட்டு. மேடையிலும் அதே அறை. சுவர்த்தாளை மாற்றி, கதவை மட்டும் வலப்பக்கம் கொண்டுபோயிருந்தோம். போன வாரக் கொலைகாரன் டாக்டர், அதை நடித்தது ரூபர்ட் ஃபோல்ட்ஸ் என்ற நல்ல பையன். சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் தலையில் நிற்காது. இந்த வாரம் ரூபர்ட் ஒரு பாவமும் அறியாத பாதிரியார்.

கடைசி அங்கம். எல்லாரும் அறையில் கூடியிருக்கிறார்கள். அரங்கின் மேல்மாடத்தில், தனி இருக்கையில் டக்வொர்த் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்பக்க ஓரத்தில், இங்கேயும் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ், வாயில் குண்டூசியோடு நிற்கிறாள். க்ளெமென்ட் கணப்படுப்புப் பக்கம் மெல்ல நடந்தார். சாய்வு நாற்காலி போன வாரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதில், போன வாரம் போலவே, ரூபர்ட். அவர் கால் ஆலிவிடம் போகாமல் அங்கே போனது. கால் போன இடத்துக்கு நாக்கும் போனது.

"இனித் தப்பிக்க முடியாது, டாக்டர். அந்தக் கத்தியை எடுத்தது உங்கள் கைதான்."

இந்த நாடகத்தில் டாக்டரே கிடையாது. கத்தியும் கிடையாது.

மூன்றாவது வரிசையிலிருந்து, திங்கட்கிழமை தவறாமல் வரும் மாட்டுக்குடல் விற்கும் கடைக்காரி மிஸஸ் சவர்பட்ஸ் எழுந்து நின்றாள்.

"அட பாவி மனுசா! அவரு போன வாரந்தானய்யா டாக்டரு! இந்த வாரம் பாதிரியாரு!"

கூரை பிய்ந்துவிடும் போலச் சிரிப்பு. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ரூபர்ட்டுக்குப் போன வார வசனம் காதில் விழுந்ததா, பழகின வாய் தானாகத் திறந்துகொண்டது. வெள்ளைக் கழுத்துப் பட்டையோடு எழுந்து, "ஆம்! நான்தான் குத்தினேன்! அந்தக் கிழவன் என் வாழ்வையே பாழாக்கினான்!" என்று முழங்கத் தொடங்கினான். இரண்டு வரி போனதும் அவனுக்கே விளங்கிவிட்டது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. கண் பிதுங்க, கடைசி எழுத்துவரை ஒப்பித்துவிட்டுத்தான் ஓய்ந்தான்.

நான் கத்தினேன். அந்தச் சிரிப்பில் யாருக்குக் கேட்கும்? க்ளெமென்ட் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சட்டென்று அவர் அம்மா நினைவுக்கு வந்தாள். வாயை அகலத் திறந்து, குரலே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் உருட்டிக் காட்டினேன்: கோகோ. ஆலிவ். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார்.

ரூபர்ட் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

"ஃபாதர், அந்தக் கொலைக்காக உங்களைப் போன வாரமே கைது செய்துவிட்டோம். அமைதியாக இருங்கள். இது கோகோ வழக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஊரே அந்த வரியைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறது. எனக்கு அது பெரிதில்லை. வாய்ச் சாமர்த்தியம் உள்ள எந்த நடிகனும் அப்படி ஒன்று சொல்லிவிடுவான். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிது.

க்வெண்டோலினைப் பார்த்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் கூட்டத்துக்கு முன்னால் அவள் இனி அழுது பேச வேண்டும். வாயைத் திறந்தால் கொல்லென்று சிரிப்பார்கள். வருடத்துக்கு ஒரு பேச்சு, அதுவும் போயிற்று என்று நினைத்தேன். ஒத்திகையில் க்ளெமென்ட் நடுமேடையில் முகம் தெரிய நின்று கேட்பதாகத்தான் வைத்திருந்தார். பத்திரிகைக்காரர் எழுதும் அந்த முகம். டக்வொர்த் பார்க்க வந்த முகம்.

அவரோ, நாற்காலிக்கு முன்னால் கால் வைக்கக் கிடந்த குட்டி ஸ்டூலை இழுத்து க்வெண்டோலின் முன்னால் போட்டார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, நிறைந்த அரங்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்றார்கள். அவர் அசையவில்லை. அவளையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒரு மழைக்கோட்டு முதுகும் க்வெண்டோலினின் முகமும்தான் மிச்சம். ஊரும் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தது. சிரிப்பு இருமலானது, இருமலும் நின்றது. அவளும் ஒத்திகையில் கூவியதுபோல இப்போது கூவவில்லை. அவர் ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல, எத்தனை வருடம் அக்காளுக்குக் கோப்பை ஏந்தினேன் என்று மெதுவாகச் சொன்னாள். மிஸஸ் சவர்பட்ஸ் கைக்குட்டையை எடுத்ததை நான் பார்த்தேன். என் கையிலிருந்த புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

திரை விழுந்ததும் க்ளெமென்ட் மழைக்கோட்டைக் கழற்றி மேவிஸிடம் கொடுத்தார்.

"கெடுத்துட்டேன் மேவிஸ்."

"கோட்ல பொத்தான் ஒண்ணு காணோம்" என்றாள் அவள். வேறென்ன சொல்வாள்?

டக்வொர்த் படியிறங்கி வந்தார். ரூபர்ட் உடைக் கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"ஆர்மராட், எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தம்மா பேசறப்ப எங்களுக்கு ஏன்யா முதுகக் காட்டிட்டு உக்காந்த? ஒத்திகையில அப்படித்தான் வெச்சிருந்தியா?"

"இல்லீங்க. அப்ப என் மூஞ்சியப் பாத்தா சிரிச்சிருப்பாங்க. அவங்க பேச்சு வீணாப் போயிருக்கும்."

டக்வொர்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல வேஷமெல்லாம் நீயே எடுத்துக்குவன்னு கமிட்டி பூரா சொல்லி வெச்சது நான்தான். நாளைக்கு நானே போயி இல்லேன்னு சொல்லணும், என்ன கஷ்டகாலம் பாரு. அடுத்த வாரத்துலேர்ந்து நீ பாத்துக்க. ஆனா தயவு பண்ணி துப்பறியற நாடகம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம்."

மேவிஸ் அந்தக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உடைக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று தொடங்கி, முடி நரைத்துக் கொட்டும்வரை அவர்தான் பெவிலியனை நடத்தினார். சின்னச் சின்ன வேடங்களில் வருவார்; தபால்காரர், தோட்டக்காரர், வாசலில் நின்று விலாசம் கேட்கிறவர். பெரிய வேடங்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒத்திகையில் பின்வரிசையில் உட்கார்ந்து உப்புப் போட்ட வேர்க்கடலை தின்பார். கத்த மாட்டார். ரூபர்ட்டைக்கூடக் காலப்போக்கில் நல்ல நடிகனாக்கிவிட்டார், அதற்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இப்போது ஓய்வில் இருக்கிறார். மீன் வாங்கப் போனால் கடைக்காரன், "என்ன இன்ஸ்பெக்டரே, இன்னிக்கு யாரப் பிடிக்கப் போறீங்க?" என்பான். இவரும் சளைக்காமல் கடைக்காரனைக் காட்டுவார்.

ஆனால் அந்தக் குடும்பத்தின் சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தது மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில். சந்தையில் செடி விற்பவர் முன்னால் மேவிஸ் நின்றிருந்தாள். ஒரு ஆப்பிள் கன்றைப் பிடித்துக்கொண்டு வேரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே சொல்லிட்டேம்மா" என்றார் அவர். "இது சீக்கிரத்துல காய்க்காது. வருஷக்கணக்கா ஆகும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"ஆகட்டுமே" என்றாள் மேவிஸ். "நாங்க இங்கதான இருக்கப் போறோம்."