பட்டியில் கிடந்த வேலங்கொட்டை

அதிகாரியின் மோட்டார் பத்து மணிக்கு வரும் என்று தகவல். ஏழு மணிக்கே நான் இருபது குட்டிகளையும் ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

விவசாயப் படிப்பை முடித்துவிட்டு, ஆறு மாதத் தற்காலிக வேலையில் நாமக்கல்லில் இருந்தேன். இந்தத் தீவனச் சோதனை யாரும் என் தலையில் கட்டியதல்ல. நானாக எழுதிக் கேட்டு வாங்கியது. மோகனூருக்கு இரண்டு கல் தள்ளி ஒரு மானாவாரிக் காடு. அதில் ஆடு வளர்க்கும் ஒரு புருஷன் பெண்சாதி. ஒரே வயதுச் செம்மறிக் கிடாக்குட்டிகள் இருபதை இருவரும் சோதனைக்கு விட்டிருந்தார்கள். பகலில் எல்லாம் சேர்ந்தே மேயும். பொழுது சாய்ந்ததும் இரண்டு பட்டியாகப் பிரித்து அடைக்க வேண்டும். காதில் சிவப்பு நூல் கட்டிய பத்துக்குக் கடலைப் புண்ணாக்கு. நூல் இல்லாத பத்துக்கு மேய்ந்ததோடு சரி. மூன்று மாதம் முடிந்ததும் எடை போட்டு, பட்டிக்கு ஒன்றை அறுத்துக் கறியும் கொழுப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது. வித்தியாசம் தெரிந்தால் என் வேலை நிலைக்கும். தெரியாவிட்டால் வைகாசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நடுவில் ஒருமுறை நிறுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நிறுக்கவில்லை. வாரம் ஒரு நாள் சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "புண்ணாக்குத் தின்ற குட்டிகளைக் கண்ணாலேயே அடையாளம் சொல்லிவிடலாம்" என்று சேலத்தில் இருந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அவ்வளவு அவசரம், அவ்வளவு நம்பிக்கை.

அன்று காலை தராசு காட்டியது வேறு. இரண்டு பட்டிக்கும் ஏறக்குறைய ஒரே எடை. மறுபடி நிறுத்தேன். அதே கதைதான்.

நூல் இல்லாத குட்டிகளின் பட்டிக்குள் இறங்கிக் காலால் புழுக்கையைக் கிளறினேன். உருண்டை உருண்டையாகக் கொட்டைகள். வெள்வேலங்கொட்டை; காயைத் தின்றால் இது மட்டும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். அடுத்த பட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே காட்டில் மேயும் குட்டிகளில் இவை மட்டும் இவ்வளவு வேலங்காய் தின்றது எப்படி?

அந்த அம்மாள் பால் கறந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பட்டிக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்களே. நீங்கதான் போடக்கூடாதுன்னு சொல்லிப்புட்டீங்களே."

"வேலங்கொட்டை கிடக்குது."

அவர் கை நின்றது. "அது காயிங்க சாமி. மரத்துல தொரட்டியப் போட்டு உலுக்குனா கொட்டுது. அதுவும் ஒரு தீவனமுங்களா?"

"தினமுமா?"

"பின்ன? வேலிக்கு அக்கட்டால பத்து நொறுக்கு நொறுக்குனு திங்குது, இக்கட்டால பத்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குது. ஒரு தாய்ப் பால் குடிச்சதுங்க கூட அதுல இருக்குது. அப்படி ஓரவஞ்சன பண்ணுனா நமக்குச் சோறு எறங்குமுங்களா?"

கயிறு திரித்துக்கொண்டிருந்த அவர் புருஷன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆட்டுக்குத்தானுங்க அந்த நாயமெல்லாம். எனக்குக் கூழு ஊத்தையில அத்தனையும் தண்ணிதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையே போய்விடும் என்று சொன்னேன். அந்த அம்மாள் சட்டென்று எழுந்தார்.

"இதுக்கா இப்படி வெசனப்படறீங்க? சந்தைக்கு ஓட்டற குட்டிக்குக் காட்டறாப்பல நூல் கட்டுனதுக்கு மட்டும் உப்புத்தண்ணி காட்டிப்புடலாமுங்க. வகுறு நெறஞ்சா எட தன்னால ஏறும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சாலைப் பக்கம் பார்த்தபடி, "சீக்கிரம் காட்டுங்க" என்றேன்.

வெயில் ஏறியிருந்தது. நூல் கட்டிய குட்டிகள் தொட்டியில் வைத்த முகத்தை எடுக்கவே இல்லை. விலா இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வந்தது. கடைசிக் குட்டி வாயை எடுக்கும்போது மோட்டார் சத்தம் கேட்டது.

அதிகாரியோடு நாமக்கல் கறிக்கடைக்காரரும் இறங்கினார். மரக்கிளையில் தராசு தொங்கியது. நான் எடை சொல்லச் சொல்ல அதிகாரி குறித்துக்கொண்டார். நூல் கட்டிய ஒவ்வொரு குட்டியும் முந்தியது. "பரவாயில்லையே, கடிதத்தில் எழுதியது மிகையில்லை" என்றார்.

பிறகு பட்டிக்கு ஒன்றாக அறுத்தார்கள். கறிக்கடைக்காரர் முதலில் நூல் கட்டிய குட்டியைத் தொங்கவிட்டு உரித்து, இரைப்பையைக் கீறினார். தண்ணீர் கொட்டி அவர் பாதத்தை நனைத்தது. அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சந்தைக் குட்டியாட்ட இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

அடுத்த குட்டியின் இரைப்பையில் தண்ணீர் அதிகமில்லை. குடல் நீக்கிய இரண்டு உடலையும் அதிகாரி நிறுக்கச் சொன்னார். முள் ஒரே இடத்தில் நின்றது. முதுகுக் கறியை அறுத்துப் பார்த்தார்; கொழுப்பும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் படர்ந்திருந்தது. பேனாவை மூடினார்.

"யார் தண்ணீர் காட்டியது?"

"நாந்தானுங்க எசமாங்க" என்று அந்த அம்மாள் முன்னால் வந்தார். "இவிங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. பழக்க தோசத்துல காட்டிப்புட்டேன்."

அவர் புருஷன் திரித்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம்.

"நான்தான் சார் காட்டச் சொன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வேலங்காய், கொட்டை, நடுவில் நிறுக்காதது, கண்ணால் மட்டும் பார்த்து எழுதிய கடிதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அதிகாரி கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த அம்மாளிடம் கேட்டார்: "குட்டிக்கு எவ்வளவு காய் போடுவீர்கள்?"

"அளவெல்லாம் ஏதுங்க? ரெண்டு கையும் சேத்து அள்ளி, குட்டிக்கு ஒருக்கா."

"இப்போது அள்ளுங்கள். பத்துக் குட்டிக்கும் போடுகிற மாதிரி."

கூடையில் முந்தின நாள் காய் மிச்சம் இருந்தது. அவர் அள்ளி அள்ளித் தராசுத் தட்டில் போட்டார். ஒவ்வொரு தரமும் நான் எடை சொன்னேன், அதிகாரி எழுதினார். முதல் கைக்கும் பத்தாவது கைக்கும் சொல்லும்படியான பேதமே இல்லை. ஓரவஞ்சனைக்கு அஞ்சிய கை.

"புண்ணாக்குக்கு ஈடு கொடுத்த இந்தக் காயை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் அதிகாரி, அந்த அம்மாளிடம். "வேறு ஒருவரை அனுப்புகிறேன்."

தராசைக் கிளையிலிருந்து அவிழ்த்து மோட்டாரில் நானே ஏற்றினேன்.