இடது கன்னம்

எங்கள் திருமுல்கேரி சர்ச்சுக்கு வரும் வயதானவர்களுக்கு என்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. பிரசங்க நேரத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கறுப்பு மைப் பேனாவால் அவர்களை வரைவது என் வழக்கம். இளம் முகத்தில் பேனாவுக்கு வேலையே இல்லை. எழுபது வயது முகமென்றால் அதற்குக் கொண்டாட்டம், தொட்ட இடமெல்லாம் கோடு. "இவ்வளவு கிழவியாவா இருக்கேன்?" என்று கேட்ட அம்மாளிடம், "ஆமாம்" என்றுதான் சொன்னேன். யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

போன மழைக்காலத்தில் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. குஷாய்குடா தொழிற்சாலையில் உருது பேசுகிறவர்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் என்னோடுதான் இருக்கிறார். வாய் இடப்பக்கம் தொங்கிவிட்டது. அறையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் தானாகவே பேச்செடுத்தார்.

"ஏட்டி, உன் பேனா பொய் சொல்லாதுல்லா. என்னைய வரை. அதப் பாத்துட்டுத்தான் சர்ச்சுக்கு வரலாமா வேண்டாமான்னு சொல்லுவேன்."

வலது கன்னம் சுலபமாக வந்தது. பக்கவாதம் தளர்த்திய இடது கன்னத்தில் மூக்கோரத்து மடிப்பே காணோம். வாலிபப் பையனின் கன்னம்போல வழவழவென்று கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. வலப்பக்கத்துச் சுருக்கங்களையே இடப்பக்கமும் போட்டு, வாயையும் கொஞ்சம் தூக்கிவிட்டேன்.

அண்ணன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் இடது கன்னத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"நக்கோ, வேண்டாம். இது நான் இல்ல. தெனமும் கண்ணாடியில்லாம தடவித்தான் சவரம் பண்ணுதேன், எனக்குத் தெரியாதா? ஊர்க் கிழவனையெல்லாம் உள்ளபடி வரைஞ்ச. எனக்கு மட்டும் என்னத்துக்கு இரக்கம்?"

கூசிப்போனேன். மையை அழிக்க முடியாது. வேறு தாள் எடுத்தேன். இந்தத் தடவை காது, கண், தொங்கிய உதட்டோரம் எல்லாம் வரைந்து, இடது கன்னத்தைத் தொடாமல் வெறும் தாளாகவே விட்டேன். கை அங்கேயே போய்ப் போய் நின்றது. அழுகை வந்துவிட்டது.

"தாள்ல சிந்திராத," என்றார்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஹவ், இவன்தான்," என்று தலையாட்டினார்.

பிறகு, "ஞாயித்துக்கிழமை எங்கன உக்காருவோம்?" என்று கேட்டார்.

"கடைசி வரிசையில், அண்ணா. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க."

"வேண்டாம். முன் வரிசையில உக்காருவோம். எல்லாரும் ஒரே தடவையாப் பாத்துக்கிடட்டும்."