கைராசிக்காரி

பாலையூற்றில் பன்றி வளர்க்கிற வீடுகளில் கிறேஸ் மாமியைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு பன்றி கழுநீரைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பினால், வீட்டுக்காரர்கள் மிருக வைத்தியருக்குப் போன் எடுக்க முன்னம் மாமியைத்தான் கூப்பிடுவார்கள். மாமியும் இரண்டாம் தரம் கூப்பிட வைக்கமாட்டாள். குசினியில் மீன் பொரிந்துகொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு, இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூட்டுக்குள் இறங்கிப் பன்றியின் காதைத் தொட்டுப் பார்ப்பாள், வாலைப் பார்ப்பாள், சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவாள். அவள் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்ததை ஊரில் யாரும் கேட்டதில்லை.

இந்தப் பெயர் அவளுக்கு ஜக்சனின் பன்றியால் வந்தது. துறைமுகத்தில் வேலை செய்கிற ஜக்சன், தெருக்கோடியில் ஒரு சின்னப் பட்டி வைத்திருந்தான். ஒரு தரம் அவனுடைய பன்றியொன்றுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் திட்டுகள் எழும்பின. அதை முதலில் கண்டு, வைத்தியரைக் கூட்டி வரச் சொல்லிக் கத்தியவள் மாமி. வைத்தியர் வந்து ஊசி போட்டார், பன்றி எழும்பிவிட்டது. ஊசி போட்டது அவர், பேர் வந்தது மாமிக்கு! அன்றிலிருந்து அதே மருந்தில் ஒரு குப்பி மாமியின் குளிர்சாதனப் பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், நிரந்தரமாகக் குடியிருந்தது.

அதோடு கைராசி வேறு. தாய்ப் பன்றி குட்டி போடுகிற நாள் நெருங்கினால் முதல் வைக்கோலை மாமிதான் விரிக்க வேணும் என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அதுவும் கடை வைக்கோல் சரிவராது. மாமியின் கறுப்பி என்ற தாய்ப் பன்றி நிறையக் குட்டி போடும், ஒன்றையும் சாகக் கொடுக்காது. அந்தக் கறுப்பி படுத்த கூட்டிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் எடுத்துக்கொண்டு போய் விரித்தால், பிறக்கிற குட்டிகள் தாயின் உடம்புக்குக் கீழே நசுங்காது என்று எல்லாரும் நம்பினார்கள். எல்லாரையும்விட மாமி நம்பினாள்.

பக்கத்துத் தெரு தினுஷா வளர்த்ததும் கறுப்பியின் குட்டிதான். மாமி அதை வாரத்துக்குக் கொடுத்திருந்தாள். அதாவது, தினுஷா வளர்க்க வேணும், முதல் ஈற்றில் இரண்டு குட்டி மாமிக்குத் திரும்பி வரவேணும், மிச்சமெல்லாம் தினுஷாவுக்கு. அவளுடைய புருஷன் கொழும்பில் கட்டட வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குசினி கட்டத் தொடங்கி, இடுப்பளவு சுவரோடு அது நின்றுபோயிருந்தது. குட்டிகளை விற்றுத்தான் அந்தச் சுவரை எழுப்ப வேணும் என்று தினுஷா நினைத்திருந்தாள். மழை நாளில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்தச் சுவருக்குள்ளே நின்று சோறு வடிப்பாள். "பாருங்கோ மாமி, இஞ்சதான் அடுப்பு, இஞ்ச அலுமாரி" என்று கைகாட்டுவாள்.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும்போது பங்குச் சுவாமி ஓர் அறிவித்தல் வாசித்தார். மேற்குப் பக்கத்தில் பன்றிகளுக்குப் புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறதாம். மனிதருக்குத் தொற்றாதாம், ஆனால் பன்றிக்கு அதற்கு மருந்தே இல்லையாம். செருப்பில், வாளியில், வைக்கோல் கூளத்தில்கூட ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குப் போய்விடுமாம். ஹோட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடவேண்டாம், பன்றி தீன் தின்னாவிட்டால் உடனே மிருக வைத்தியர் இருக்கிற கந்தோருக்குச் சொல்லுங்கள் என்றார். மாமி அந்த நேரம் முன் வரிசை வாங்கில் இருந்தவளின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இல்லை. பெரிய பண்ணைக்காரருக்குச் சொல்கிற கதை, எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டாள்.

மாமியின் பன்றிகள் உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களின் மிச்சச் சோற்றில் வளர்ந்தவை. அவளுடைய புருஷன் பேணாட் சைக்கிளில் வாளி கட்டிக்கொண்டு போய் எடுத்து வருவார். வெயில் காலத்தில் மாமி அதைப் பெரிய கிடாரத்தில் கொதிக்கவைத்துத்தான் போடுவாள். மழையில் விறகு நனைந்துவிட்டது. நனைந்த விறகோடு யார் மல்லுக்கட்டுகிறது? அப்படியே தொட்டிக்குள் ஊற்றினாள்.

கொஞ்ச நாளில் அவளுடைய கடுவன் பன்றி படுத்துவிட்டது. தீன் தொட்டியடிக்கு வரவில்லை. காது நெருப்பாய்ச் சுட்டது, வயிற்றில் சிவப்பு. மாமி குப்பியை எடுத்து வந்து ஊசியைக் குத்தினாள்.

"கந்தோருக்கு ஒருக்காச் சொல்லுவமே, கிறேஸ்?" என்றார் பேணாட். "சுவாமியும் சொன்னவர்தானே."

"ஏன், அவையள் வந்து எனக்குப் பண்டி பாக்கச் சொல்லித் தரவோ? இது அந்தப் பழைய சிவப்புக் காய்ச்சல். ஊசி போட்டால் எழும்பிடும். நீங்கள் சும்மா இருங்கோ."

பேணாட் சும்மா இருந்தார். அவர் அந்த வீட்டில் பல வருடமாகச் செய்துவந்த வேலை அது.

அடுத்த நாள் கடுவன் தலையைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தது. மாமிக்கு உச்சி குளிர்ந்தது. அதே காலையில் தினுஷா வேலிக்கு வெளியே வந்து நின்றாள். "மாமி, பண்டிக்கு மடி இறங்கிட்டுது. வைக்கோல் போட வாங்கோவன்."

கறுப்பியின் கூட்டுக்கும் கடுவனின் கூட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். பலகைக்குக் கீழால் கடுவனின் மூத்திரம் ஒழுகி இந்தப் பக்க வைக்கோலை நனைத்திருந்தது. மாமி அதைக் கண்டாள். நனைந்ததை உதறிப் போட்டுவிட்டு, காய்ந்ததாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்தாள். ஜக்சனின் பன்றியும் வயிற்றோடு நின்றதால் அவனுக்கும் ஒரு கட்டு எடுத்தாள். அதே செருப்போடு, அதே கையோடு போனாள்.

தினுஷாவின் பன்றி சுத்தமாகக் கழுவி விட்டபடி நின்றது. மாமியைக் கண்டதும் உறுமிக்கொண்டு வந்து மூக்கால் முழங்காலை இடித்தது. மாமி வைக்கோலை விரித்து, சிலுவை போட்டு, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"மாமி," என்றாள் தினுஷா, கொஞ்சம் தயங்கி. "உங்கட கடுவன் படுத்திருக்கெண்டு பேணாட் மாமா கடையடியில சொன்னவர். வருத்தம் ஏதுமோ? இதுக்குப் பிரச்சினை வராதே?"

அங்கே சொல்லியிருக்கலாம். வைக்கோலை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு, "எனக்குச் சரியாத் தெரியேல்லை பிள்ளை, பொறு, கேட்டுப் பாப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கைராசிக்காரியின் கூட்டிலேயே நோய் என்று ஊர் கதைத்தால் என்ன ஆகும்?

"சீ, அது மழைக்குச் சோம்பிக் கிடக்கு," என்றாள் மாமி. "நீ பயப்பிடாத."

கடுவன் செத்துப்போனது. வேலியோரத்தில் மழைக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பாம்பு கடித்ததென்று சொன்னாள். பிறகு கறுப்பி படுத்தது. காதுகள் கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்து வந்தன. ஊசியைப் போட்டாள், குப்பி வெறுமையாகும்வரை போட்டாள். கறுப்பி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததே தவிர எழும்பவில்லை. இது பழைய காய்ச்சல் இல்லை என்று அப்போது மாமிக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

தினுஷாவின் பன்றி நாள் நிறைய முன்னமே செத்த குட்டிகளைப் போட்டது. தினுஷா யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, நேராகக் கந்தோருக்குப் போன் எடுத்தாள். அன்றைக்கே கால்நடை உத்தியோகத்தர் இக்ராம் வந்தார். கிண்ணியாக்காரர், முஸ்லிம். நீளச் சப்பாத்தும் கையுறையும் போட்டு, முதுகில் மருந்து விசிறுகிற தாங்கியோடு கூட்டுக்குள் இறங்கினார். வேலியில் நின்ற ஜக்சன், "என்ன சேர், பண்டிக் கூட்டுக்குள்ளயும் இறங்குவீங்களோ?" என்று பகிடி விட்டான்.

"வருத்தம் எல்லாத்துக்கும் வருத்தம்தானே, தம்பி. வேலை முடியக் கழுவிப்போட்டு வீட்ட போறதுதான்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

இரத்தம் எடுத்து முடிந்த பிறகு தினுஷாவைப் பார்த்துக் கேட்டார். "வேற பண்டி வளக்கிற ஆக்கள் ஆராவது இந்தக் கூட்டுக்குள்ள வந்தவங்களா? ஏதும் கொண்டுவந்து போட்டவங்களா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வீடுகளுக்கு நான் இப்பவே போகணும்."

தினுஷா வேலிப்பக்கம் பார்த்தாள். அங்கே மாமி நின்றாள். பார்வை ஒரு கணம் மாமியில் நின்று, பிறகு நிலத்துக்கு இறங்கியது.

"இல்லை சேர். ஒருத்தரும் வரேல்லை."

தன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பிள்ளை பொய் சொல்கிறாள் என்று மாமிக்குத் தெரியும். தன்னுடைய பன்றியை இழந்துகொண்டு நிற்கிறவள், அந்த நேரத்திலும் மாமியின் மரியாதையைப் பார்த்தாள். மாமியோ அந்தப் பொய்க்குள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அன்று பின்னேரம் ஜக்சன் பயந்துபோனான். கந்தோர்க்காரர் தன்னுடைய பட்டிக்கும் வந்துவிடுவார்கள் என்று நினைத்து, மற்றத் தாய்ப் பன்றியின் பால் மறந்த குட்டிகளை ஒரு சின்ன லொறியில் ஏற்றி வெருகலில் இருக்கிற மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவனுடைய கூட்டிலும் மாமியின் வைக்கோல் கிடந்தது. அடுத்த நாள் காலையில் கடையடியில் மாமி அந்தக் கதையைக் கேட்டாள். பாண் வாங்கப் போனவள் வெறும் கையோடு ஓடிவந்து பேணாட்டின் போனை வாங்கி இக்ராமுக்கு எடுத்தாள். கடுவன், பாம்புக் கதை, வைக்கோல், ஜக்சன், வெருகல் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

இக்ராம் ஏசவில்லை.

"நேத்துச் சொல்லியிருந்தீங்கண்டா வெருகலுக்குப் போயிருக்காது, அம்மா," என்றார். "பரவாயில்ல, இப்பயாவது சொன்னீங்களே. கூட்டடிக்குப் போகாம வீட்டிலயே இருங்க, நான் வாறன்."

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாமி பிறகு பல தரம் நினைத்தாள்.

பாலையூற்றிலும் வெருகலிலும் கிடங்குகள் வெட்டப்பட்டன. நோய் வந்தது, வராதது என்று பார்க்காமல் பன்றிகளைக் கொன்று, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். கறுப்பியை இழுத்துக்கொண்டு போகும்போது மாமி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். வெருகலில் யாருடைய பட்டிகள் போயின, அந்த வீடுகளில் எந்தச் சுவர் அரைகுறையாக நின்றது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்த வருடம் பாலன் பிறந்த நத்தாருக்குப் பாலையூற்றில் பன்றிக்கறி மணக்கவில்லை. எல்லா வீட்டிலும் கோழி.

நத்தார் பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் மாமி தினுஷாவின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க ஆயத்தப்படுத்தி வந்த கதை ஒன்றும் வெளியே வரவில்லை, அழுகைதான் வந்தது. தினுஷா கையை இழுக்கவுமில்லை, இறுக்கவுமில்லை.

"நான் கேட்டனான்தானே மாமி," என்றாள் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாமியை யாரும் கூப்பிடவில்லை. யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லவுமில்லை. வெறுங் கூட்டில் பேணாட் மரவள்ளி நட்டார்.

நெடுநாள் கழித்து, இனிப் பன்றி வளர்க்கலாம் என்று கந்தோர் சொன்ன பிறகு, தினுஷா எங்கேயோ கடன்பட்டு ஒரு பெட்டைக் குட்டி வாங்கினாள். வாசல் படலையடியில், வருகிறவர்கள் காலை நனைக்க, சுண்ணாம்புத் தண்ணீர் நிறைத்த தட்டம் ஒன்று வைத்திருந்தாள். ஒரு காலை, சந்தைக்குப் போய்த் திரும்பிய மாமியின் கால்கள் தாமாக அங்கே நின்றன. இடுப்பளவுச் சுவர் அப்படியே நின்றது. அதில் பாசி பிடித்திருந்தது.

தினுஷா அவளைக் கண்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்து நடுவரைக்கும் வந்து நின்றாள். மாமி படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லித் தினுஷா கூப்பிடவில்லை, மாமி எதிர்பார்க்கவுமில்லை.

"நேத்திலயிருந்து தீன் குறைவா இருக்கு மாமி," என்றாள் தினுஷா. குரலில் பழைய பயம். "ஒருக்காப் பாருங்கோவன். காது சரிதானே?"

மாமி அங்கிருந்தே பார்த்தாள். குட்டியின் காது வெயிலில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அது காய்ச்சலின் சிவப்பா, வெயிலின் சிவப்பா? முந்தியென்றால் இதற்குள் தீர்ப்பு வந்திருக்கும். நாக்கு நுனிவரைக்கும் வந்தும்விட்டது. "ஒண்டுமில்லைப் பிள்ளை, நல்லாத்தான் இருக்கு." எவ்வளவு சுலபமான சொல்!

அவள் அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றாள் கிறேஸ் மாமி. "இக்ராம் சேருக்கு இப்பவே போன் எடு."

தினுஷா குட்டியோடு உள்ளே ஓடினாள். அவள் போனில் பேசுகிற சத்தம் படலைவரைக்கும் கேட்டது. அது ஓயும்வரை மாமி சந்தைப் பையைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றாள்.