ஒரு மணிக்கு மூடும் இணையதளம்

பக்கத்து அறையில் டிபன் பாக்ஸின் மூடி 'டங்' என்றது.

அந்தச் சத்தம் கேட்டால் அவள் இணையதளத்தை மூட வேண்டும். மேலாளர் மூடியைத் திறப்பார், இவள் தளத்தை மூடுவாள். மறுபடி மூடும் சத்தம் கேட்டால் திறப்பாள். பென்ஷன் அலுவலகத்துக்கு வர, பொதுமக்கள் வீட்டிலிருந்தபடியே நேரம் பதிவு செய்ய அரசாங்கம் அமைத்த நவீனத் தளம் அது!

"ஆபீஸே சாப்பிடப் போயிருக்கு, அது மட்டும் தனியா உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போகுது?" என்று முதல் வாரமே கேட்டிருந்தார் மேலாளர். சாயங்காலம் ஐந்து மணிக்கும் அதே நியாயம்தான்.

பட்டதாரிகளுக்கான டிஜிட்டல் பயிற்சித் திட்டத்தில் தேர்வாகி வந்தவள் அவள். நாட்டையே கணினிக்குள் கொண்டுவரும் கனவோடு வந்தாள். அலுவலகமோ அவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர் வைத்து, பிரின்டரில் சிக்கிய காகிதத்தை உருவும் மாபெரும் பொறுப்பை ஒப்படைத்தது. ஒரு வருடம் உருவிவிட்டாள். இன்று தலைமை அலுவலக அதிகாரி வந்து மதிப்பிடுவார். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

அப்படிப்பட்ட நாளில், சத்தம் கேட்டும் அவள் தளத்தை மூடவில்லை.

காரணம் அம்மா. அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் போனுக்கு வரும் ரகசிய எண் இல்லாமல் மகளாலும் பதிவு செய்ய முடியாது. இறந்துபோன அப்பாவின் பென்ஷனுக்காக நேரம் வாங்க, அம்மா தினமும் ஒரு மணிக்கு முயன்று தோற்றிருக்கிறாள். இன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "உங்க ஆபீஸ் எப்பப் பாத்தாலும் சாப்பிட்டுக்கிட்டேதான்டி இருக்கு."

அம்மாவின் கண்ணீரில் பின்னல் ஈரமானது.

அதிகாரி சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். மேலாளர் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க! இப்ப தளம் மூடியிருக்கும். ஒழுங்குன்னா ஒழுங்கு, நம்ம பிரிவுல!"

அதிகாரி தன் போனைப் பார்த்தார். "திறந்துதானேங்க இருக்கு?"

"ஏம்மா கம்ப்யூட்டர்! மூடல?" மேலாளர் மீசையில் ஒட்டியிருந்த பருக்கைகூட நடுங்கியது.

அதிகாரி அவள் திரைப்பக்கம் குனிந்தார். "காலையிலேர்ந்து வந்ததைவிட இந்த அரைமணி நேரத்துலதான் கூட்டம் அதிகம். பிரமாதம்! யாரோட யோசனை?"

மேலாளர் முகம் நொடியில் மலர்ந்தது. "நம்ம ஏற்பாடுதான் சார். ஜனங்க பாவம்..."

"அப்ப இந்தப் பொண்ணு சொந்தமா எதுவும் செய்யலையா?" அதிகாரி பேனாவைத் திறந்தார். "சுயமுயற்சி இல்லேன்னா நிரந்தரம் பண்ண முடியாதே."

பேனா முனை காகிதத்தைத் தொடப்போனது. சொன்னால் மேலாளரின் பகை. சொல்லாவிட்டால் அம்மா இன்னும் எத்தனை வருடம் அந்தத் தையல் மிஷினை மிதிப்பாள்?

"நான்தான் சார் திறந்து வெச்சேன். சாரைக் கேக்கல. கேட்டிருந்தா மூடச் சொல்லியிருப்பார்."

மேலாளர் உத்தரத்தை ஆராய்ந்தார்.

"அனுமதி இல்லாமலா?" அதிகாரியின் குரல் கனத்தது. "அது தப்பாச்சே."

"தப்புதான் சார்." கண்ணீர் மேஜையில் சொட்டியது. "ஆனா மூட மனசு வரல."

அதிகாரி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வேலை நிரந்தரம்மா. அனுமதி கேக்காததுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணும் வரும். எச்சரிக்கை முதல்ல வந்துடும். நம்ம ஆபீஸ்ல அதுக்குத்தான் வேகம் ஜாஸ்தி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மேஜைமேல் போன் மினுங்கியது. அம்மா: 'நேரம் கிடைச்சிடுச்சு. உங்க ஆபீஸ் இன்னிக்குப் பட்டினியா?'

அதிகாரி வாசலில் நின்று மேலாளர் பக்கம் திரும்பினார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க சார், ஆறிடப்போகுது. தளம் பாட்டுக்குத் திறந்தே இருக்கட்டும். ராத்திரியும்."

"கண்டிப்பா சார்" என்று பல்லைக் காட்டி வழியனுப்பிய மேலாளர், இணையதளத்தை மூட முடியாத ஆத்திரத்தில், கதவையாவது ஓங்கிச் சாத்தினார்.