தொழில்: ஹவுஸ் ஒய்ஃப்

ஆஸ்பத்திரித் தாளில் 'தொழில்' என்ற இடத்தில் ஹவுஸ் ஒய்ஃப் என்று எழுதியது நான்தான். ஆங்கிலத்தில், எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து அழகாகவே எழுதினேன்.

அதியமான்கோட்டையில் சாலையைக் கடக்கும்போது பெங்களூரு பக்கம் போன ஒரு கார் அம்மாவை அடித்துப் போட்டுவிட்டது. தர்மபுரியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, அந்த வலியிலும் அம்மா சொன்னாள்: "புளி தட்டற கூலின்னு போடு சாமி." நர்ஸ் என் காலேஜ் ஐடி கார்டைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை என்னிடம் நீட்டியிருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். கூலி என்று எழுதக் கை வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்துப் போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மண்டியிலிருந்து புளியம்பழம் மூட்டையாக வரும். அம்மா தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, பழத்தைக் கல்லில் வைத்துக் கம்பியால் தட்டிக் கொட்டை எடுப்பாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நான் கட்டிய ஒவ்வொரு செமஸ்டர் பீஸும் அப்படி வந்ததுதான்.

வலது முட்டியில் பிளேட் வைத்தார்கள். அந்தக் காலுக்கு முப்பது சதவீதம் ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தக் காலை நீட்டித்தான் வைக்க வேண்டும். தரையில் உட்கார முடியாது. அவளுடைய வேலையில் முப்பது சதவீதம் போகவில்லை, முழுவதும் போய்விட்டது.

நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். சமரசம் பேச மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, கையில் கால்குலேட்டர். மிகவும் தன்மையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"முப்பதுங்கறது காலுக்கு மட்டும் தம்பி. முழு உடம்புக்குன்னு பாத்தா மூணுல ஒரு பங்குதான். பத்து."

"மீதி உடம்பு மட்டும் போய்ப் புளி தட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"புளியா?" ஃபைலை என் பக்கம் திருப்பினார். "உங்க வக்கீல் மனுவுல கூலின்னு போட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில ஹவுஸ் ஒய்ஃப்னு இருக்குதே. யாரோ படிச்சவங்க எழுதியிருக்காங்க. அப்ப கூலி போச்சுங்கற பேச்சே இல்ல. வீட்ல இருக்கறவங்களுக்குன்னு ஒரு மாச வருமானம் போடுவோம், அதுல பத்து சதவீதம், வயசுக்கு ஏத்த பெருக்கல். அவ்ளோதான்."

"ஏனுங்க சாரு, சோறாக்கறதும் கீழ குந்தித்தானுங்க?" என்றாள் அம்மா.

"அடுப்பு மேடை மேலதானம்மா இருக்கும்? நின்னுக்கிட்டே செய்யலாம்."

"எங்கூட்டு மேடைய எப்ப வந்து பாத்தீங்க?"

எங்கள் வீட்டில் மேடையே கிடையாது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், ஆனால் கால்குலேட்டரில் இருந்த எண்ணை மாற்றவில்லை. வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே அவளுடைய காலை மூன்றாகப் பங்கு போட்டு, இரண்டு பங்கைக் காணாமல் ஆக்கிவிட்டார். அந்த மேசையைப் புரட்டிப் போடலாம் போலிருந்தது. புரட்டினால் மட்டும்? மேலே விரிந்து கிடந்தது என் கையெழுத்து.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சொன்னார்: "இன்னிக்கு ஒத்துக்கிட்டா செக் வந்துரும். இல்லன்னா கேஸ் நடத்தணும். மண்டிக்காரரு சாட்சி சொல்லணும். எழுதுனது பொய்யின்னு நீயும் கூண்டுல ஏறிச் சொல்லணும். அவங்க வக்கீல் உன்னக் கிழிச்சுருவாரு தம்பி."

"கிழிக்கட்டுமுங்க. எழுதுனவன்தான?" என்றாள் அம்மா. சமரசத் தாளில் ரேகை வைக்கவில்லை.

விசாரணை நாளன்று மண்டிக்காரர் சொல்லி முடித்த பிறகு நான் ஏறினேன்.

"நீங்க பட்டதாரிதானே?" என்றார் கம்பெனி வக்கீல்.

"ஆமாங்க."

"அர்த்தம் தெரிஞ்சேதானே எழுதினீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நஷ்டஈட்டுக்காக இப்ப மாத்திச் சொல்றீங்க."

"இல்லீங்க. அப்பத்தான் பொய் சொன்னேன். எங்கம்மா புளி தட்டற கூலி. அத எழுத வெக்கமா இருந்துச்சு."

கோர்ட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'வெட்கத்தால் தவறாக எழுதியதாகச் சாட்சி கூறுகிறார்' என்று நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். என் வெட்கம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அதற்கு அம்மா கொடுத்துக்கொண்டிருக்கும் விலை எந்த வரியிலும் வரவில்லை. தீர்ப்புக்கு வேறொரு தேதி சொன்னார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். அம்மா கடைசி பெஞ்சில், வலது காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஃபைல் கட்டோடு வந்த கோர்ட் ஊழியர் ஒருவர் அவளிடம் எரிந்து விழுந்தார்.

"காலை மடக்கி உக்காரும்மா! ஆளுங்க போக வர வேண்டாமா?"

"அது மடங்கலன்னுதானுங்க வந்திருக்கறோம்," என்றாள் அம்மா.