மூன்று முறை அலசிய பாட்டில்

நீர் மாதிரி சேகரிப்பவர் என்பது அவருடைய பதவியின் பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘அலசல்’தான். காயலின் நடுவே படகு நின்றதும் பாட்டிலைத் திறப்பார். காயல் நீரை மொண்டு மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, நான்காம் முறைதான் நிரப்புவார். இருபது ஆண்டுகளில் ஒருநாளும் அது தப்பியதில்லை.

“பொண்ணு பார்க்கப் போனப்பவும் மூணு தரம் அலசிட்டுத்தான் பார்த்தியாப்பா?” என்று படகோட்டி கிண்டலடிப்பார்.

“நீ துடுப்பைப் போடு. அடுத்தவன் குடிச்ச டம்ளரைக் கழுவாமக் குடிப்பியா நீ?”

அவருடைய தங்கை அதே காயலில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைப்பவள். விற்றது போக மிஞ்சியது வீட்டுக்கு. கரையில் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைகள் பெருகிச் சேறு கறுத்தபோது, அவள் அண்ணனைத்தான் கேட்டாள்.

“அறிக்கையைப் பார்த்துட்டேன். ஈயம் வரம்புக்குள்ளதான் இருக்கு. பயப்படாம சாப்பிடு” என்றார் அவர்.

அவளுடைய மகளுக்கு மூன்று வயதாகியும் ‘மா’ என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். தங்கை மறுபடியும் கேட்டாள். அவரும் மறுபடியும் அறிக்கையைப் பார்த்துவிட்டு, அதையே சொன்னார்.

ஒருநாள், ஆய்வுக்கூடத்திற்குப் புதிதாக வந்திருந்த வேதியியலாளர், பாட்டில்களை வாங்கும்போது அவருடைய விரல் நுனிகளைக் கண்டார்.

“என்ன அண்ணே, விரலெல்லாம் மஞ்சளாயிருக்கு?”

“காயல் தண்ணி மேடம். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.”

“வெறும் தண்ணியால இப்படி ஆகாதே. பாட்டிலுக்குள்ள முன்னாடியே இருக்கிறதை என்ன பண்றீங்க?”

“அடியில கொஞ்சம் கழுவின தண்ணி நிக்கும். அதை நல்லா மூணு தரம் அலசிக் கொட்டிட்டுத்தான் பிடிப்பேன்” என்றார், பாராட்டை எதிர்பார்த்தவரைப் போல.

வேதியியலாளர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

“அது தண்ணியில்ல அண்ணே, அமிலம். அது இருந்தாத்தான் ஈயம் தண்ணியிலேயே நிக்கும். இல்லேன்னா பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும். எங்க மெஷினுக்கு எட்டாது. யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அமிலமிட்ட பாட்டில்கள் வந்தபோது, சுற்றறிக்கை மேசைகளைச் சுற்றியதே தவிர, படகுவரை வரவில்லை. மறுநாள் அவர் ஒரு பாட்டிலை அலசாமல் நிரப்பிக் கொடுத்தார். முடிவு வந்தது: வரம்பைப்போல் ஏழு மடங்கு.

அன்று மாலையே தங்கையின் வீட்டுக்குப் போனார். அடுப்பில் மட்டி வெந்துகொண்டிருந்தது.

“சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே அண்ணா. உட்காரு, தட்டு வைக்கிறேன்.”

குழந்தை ஒரு மட்டி ஓட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

“எத்தனை வருஷமா?”

“அஞ்சு.”

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு, அதைச் சுமந்த தன் வயிற்றைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சற்றே மூச்சு வந்திருக்கும். அடுப்பை அணைத்தாள். குழந்தையின் கையிலிருந்த ஓட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வாயைத் திறந்து, தண்ணீர் விட்டு, விரலால் வழித்துத் துப்பவைத்தாள். ஒருமுறை. மறுமுறை. மூன்றாம் முறை குழந்தை வீறிட்டபோதும் விடவில்லை.